வண்டிக்குள் ரேடியோ: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் பாலக்காடு, செங்கோட்டை, நகரி பக்கத்து வாசகர்கள் ரேடியோ சந்தேகங்களை எழுதலாம் என்று சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வண்டியில் ரேடியோ கேட்பது பற்றித்தான். 2021-ல் கேரள சுற்றுலாத் துறை கேரவன் திட்டத்தைத் தொடங்கிய பிறகு நம் எல்லைப் பக்கத்தில் படுக்கை வைத்த வண்டிகள் நிறையக் கண்ணில் படுகின்றன, அதனால் இந்த முறை முழுக்க அதையே எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: ஐயா வணக்கமுங்க. எங்க ஊர் கொழிஞ்சாம்பாறை. நானும் வீட்டுக்காரரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டோம். மகன் ஒரு பழைய டெம்போ டிராவலரை வாங்கி, படுக்கை, சின்ன அடுப்படி, பிரிட்ஜ், கூரையில் சோலார் எல்லாம் வைத்துக் கேரவனாக மாற்றிக் கொடுத்திருக்கிறான். வீட்டுச் சமையலறை ஜன்னலில் வைத்தால் கோவை வானொலி 999 கணீரென்று கேட்கும் ரேடியோ, வண்டிக்குள் கொண்டுபோனால் ஒரே இரைச்சல். வண்டி வாசலில் நிற்கும்போதே இப்படித்தான். கடையில் பூஸ்டர் போடச் சொல்கிறார்கள். போடலாமா? நாங்கள் அடுத்த மாதம் திருச்சூர், ஆலப்புழை வரை போகிறோம்.

பதில்: பூஸ்டர் வேண்டாம் அம்மா. வாசலில் நிற்கிற வண்டிக்குள்ளேயே கேட்கவில்லை என்றால் கோவையிலிருந்து வருகிற அலையில் எந்தக் குறையும் இல்லை. அது உங்கள் சமையலறை வரை நன்றாக வந்து சேர்கிறது, வண்டியின் தகரத்தைத் தாண்டி உள்ளே வர முடியவில்லை, கொஞ்சம் வந்தாலும் உள்ளே இருக்கிற மின்சாமான்கள் எழுப்பும் இரைச்சலில் அமுங்கிவிடுகிறது. பூஸ்டர் போட்டால் அந்த இரைச்சலும் சேர்ந்துதான் பெரிதாகும்.

தகரம் ஏன் தடுக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அறிவிப்பாளர்கள் ‘மத்திய அலை இத்தனை மீட்டர்’ என்று சொல்வார்களே, அது அலையின் நீளம். 999 கிலோ ஹெர்ட்ஸ் என்றால் 300 மீட்டர். அவ்வளவு நீளமான அலைக்கு உங்கள் வண்டியின் 3 அடி ஜன்னல் ஒரு ஊசித் துளை மாதிரி. எஃப்.எம். அலையின் நீளம் சுமார் 3 மீட்டர்தான், அதனால் அது ஜன்னல் வழியாக எளிதாக உள்ளே வந்துவிடும். வண்டிக்குள் எஃப்.எம். நன்றாகக் கேட்டு ஏ.எம்., அதாவது இந்த மத்திய அலை, மட்டும் கேட்காமல் போவது இதனால்தான், ரேடியோ கெட்டுப்போனதால் இல்லை.

இப்போது இரைச்சல். எனக்கு இதுதான் முக்கியம், ஏனென்றால் பத்து வண்டியில் எட்டு வண்டிக்கு இதைச் சரி செய்தாலே போதும். போன மாதம் வேலந்தாவளம் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் உங்கள் வண்டி மாதிரியே ஒரு வண்டியைப் பார்க்கப் போயிருந்தேன். மதியம் 2 மணி, நல்ல வெயில். என் கையில் பேட்டரி போட்ட ஒரு சின்ன ரேடியோ, 999-ல் வைத்துப் படியேறினேன். வாசப்படி வரை ஆள் குரல் தெளிவாக இருந்தது, உள்ளே ஒரு கால் வைத்ததும் ‘ஙொய்’ என்று ஒரு சத்தம் மட்டும்தான். பிரிட்ஜை நிறுத்தச் சொன்னேன், கொஞ்சம் குறைந்தது. அடுப்படித் தட்டுக்குக் கீழே ஒட்டியிருந்த எல்.இ.டி. பட்டையை அணைத்ததும் பாதி போய்விட்டது, அதற்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற டிம்மர் இருந்தது. மீதிச் சத்தம் எங்கிருந்து என்று தெரியவில்லை. ஒரு போர்வையைக் கூரைமேல் சோலார் பேனலின் மீது விரிக்கச் சொன்னேன். விரித்த நொடியில் அந்த ‘ஙொய்’ நின்றது, பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகிற கரண்டைச் சீர்செய்யும் பெட்டியான சோலார் சார்ஜ் கன்ட்ரோலர்தான் கத்திக்கொண்டிருந்தது. அப்புறமும் ஒரு மெல்லிய ‘கிர்’ இருந்தது. வண்டிக்காரர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டேன் என்கிறார். ரேடியோவை சுவரோரமாக நகர்த்திக்கொண்டே போனேன், டிரைவர் சீட்டுப் பக்கம் போகப் போக அது கூடியது. சிகரெட் லைட்டர் ஓட்டையில் ஒரு போன் சார்ஜர், போன் எதுவும் மாட்டவில்லை, சின்ன நீல விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அதைப் பிடுங்கினேன். தென்னைக்கு வேப்பம் புண்ணாக்கு எப்போது வைக்க வேண்டும் என்று ஒருவர் பேசிக்கொண்டிருப்பது வண்டிக்குள் நின்றபடியே கேட்டது. சத்தம் கொஞ்சம் மெல்லிசு, அவ்வளவுதான்.

நீங்களும் இதையே செய்யுங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு, ரேடியோவைச் சார்ஜரில் போடாமல் பேட்டரியில் ஓடவிட்டு, எல்லாவற்றையும் அணையுங்கள். பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். சுவிட்ச் இல்லாத சாமானுக்கு பியூஸைக் கழற்றிப் பாருங்கள். எது கத்துகிறது என்று உங்கள் காதே சொல்லிவிடும், இதற்குத் தனி மீட்டர் தேவையில்லை. இன்வெர்ட்டர் இருந்தால் அதைக் கட்டாயம் பாருங்கள், விலை குறைந்த இன்வெர்ட்டர்கள் மத்திய அலை முழுவதையும் அடைத்துவிடும். சோலாரைச் சோதிக்கப் போர்வையே போதும். ஒயரைக் கழற்றத்தான் வேண்டும் என்றால் முதலில் பேனல் ஒயர், அப்புறம்தான் பேட்டரி ஒயர். மாற்றிச் செய்தால் கன்ட்ரோலர் போய்விடக்கூடும்.

கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது? சார்ஜரைப் பிடுங்கி வையுங்கள், அல்லது தரமான ஒன்றை வாங்குங்கள். எல்.இ.டி. பட்டைக்கு டிம்மர் இல்லாத கட்டுப்பாடு போடச் சொல்லுங்கள். பேனலிலிருந்து கீழே இறங்கும் இரண்டு ஒயரும் தனித்தனியாக அகன்று போகாமல் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு வரட்டும், அகன்று போகிற இரண்டு ஒயர்கள் இரைச்சலை வீசும் ஆன்டெனாவாகவே ஆகிவிடும். அப்புறம் ஃபெரைட் வளையம், ஒயரில் ஓடுகிற இரைச்சலை அடக்கும் ஒரு காந்தப் பொருள் வளையம். பழைய கம்ப்யூட்டர் மானிட்டர் கேபிளின் நுனிக்குப் பக்கத்தில் புடைத்துக்கொண்டு ஒரு உருண்டை இருக்குமே, அதற்குள் இருப்பது அதுதான். எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் தனியாகவும் கிடைக்கும். இரைச்சல் போடுகிற சாமானின் ஒயர்கள் இரண்டையும் சேர்த்து அந்த வளையத்துக்குள் 6, 7 சுற்றுச் சுற்றி, சாமானுக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வையுங்கள். ஒயரை ஒரே ஒருமுறை உள்ளே நுழைத்து எடுத்தால் மத்திய அலைக்குப் பெரிய பலன் இருக்காது, சுற்ற வேண்டும். பிரிட்ஜை என்ன செய்வது என்று கேட்பீர்கள். கதவைத் திறக்காமல் இருந்தால் அரை மணி நேரம் குளிர் அப்படியே நிற்கும், செய்தி கேட்கிற நேரத்துக்கு அணைத்துவிடுங்கள்.

இனி அலையை உள்ளே கொண்டுவருவது. ரொம்ப எளிது, ரேடியோவை முன் கண்ணாடிக்குக் கீழே டேஷ்போர்டில் வையுங்கள், வண்டியில் அதுதான் பெரிய திறப்பு. அது போதாது என்றால் ஒரு ஒயர் வேலை. 15 மீட்டர் சாதாரண பிளாஸ்டிக் ஒயர் எடுத்துக்கொண்டு, ரேடியோ பெட்டியை மேலிருந்து கீழாக 5 சுற்றுச் சுற்றுங்கள். அநேகமாக எல்லாப் பெட்டியிலும் உள்ளே மேல் ஓரமாக மத்திய அலையைப் பிடிக்கிற ஃபெரைட் ராடு படுத்துக்கிடக்கும், உங்கள் சுற்று அந்த ராடைச் சுற்றி வளையம் போட்ட மாதிரி அமைய வேண்டும். ஒரு நுனியை வண்டியின் உடம்பில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டில் கட்டுங்கள். மறு நுனியை ஜன்னல் வழியாக வெளியே விட்டு மரக்கிளையில் எட்டுகிற உயரத்துக்குத் தூக்கிப் போடுங்கள். ரேடியோவைத் திறக்கவோ எதையும் பற்றவைக்கவோ தேவையில்லை. சுற்றை முன்னே பின்னே நகர்த்தினால் ஓர் இடத்தில் சத்தம் திடீரென்று எழும், அங்கே ஒரு ரப்பர் பேண்டு போட்டு நிறுத்திவிடுங்கள்.

நீங்கள் போகிற பாதை பற்றியும் சொல்ல வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் 30, 40 கிலோ மீட்டர் அகலத்துக்கு மலையே இல்லாமல் திறந்துகிடப்பதால் கோவை நிலையம் பாலக்காடு வரை சுகமாக வரும். வடக்கஞ்சேரி தாண்டி குதிரான் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் ஏ.எம். முழுக்கச் செத்துவிடும், வெளியே வந்ததும் தானே உயிர் பெறும், ரேடியோவைத் தட்ட வேண்டாம். அங்கிருந்து திருச்சூர் 630 பலமாகிவிடும். ஆலப்புழை போய்ச் சேர்ந்தால் 576. அது 200 கிலோவாட் நிலையம், கடலும் காயலும் ஈர மண்ணும் சேர்ந்த இடம், தரையோடு தவழ்ந்து போகிற பகல் நேர அலைக்கு அதைவிட நல்ல தரை வேண்டியதில்லை. உப்புத் தண்ணீர் மேல் மத்திய அலை மிகக் குறைந்த இழப்போடு போகும், காய்ந்த பாறை மேல்தான் சீக்கிரம் தேய்ந்துபோகும். நெல்லியாம்பதி மாதிரி இடத்துக்கு ஏறினால் இதை நேரிலேயே பார்க்கலாம்.

ராத்திரி தங்க வண்டியை நிறுத்தும்போது டிரான்ஸ்பார்மர், தெருவிளக்குக் கம்பம், ரயில் மின்கம்பி இவற்றிலிருந்து ஒரு 50 மீட்டராவது தள்ளி நிறுத்துங்கள். காட்டோரத்தில் யானைக்காகப் போட்டிருக்கிற சோலார் மின்வேலி இருந்தால் ரேடியோவில் நொடிக்கு ஒரு ‘டிக்’ கேட்கும். அது உங்கள் வண்டிக் கோளாறு இல்லை. வேலிக்குப் பக்கத்தில் போகாமல் வண்டியை மட்டும் தள்ளி நிறுத்துங்கள், வேலிக்கு அந்தப் பக்கம் யானை நடமாட்டம் இருக்கிறது என்பதற்காகவும்தான்.

கேள்வி: அண்ணா, ரேடியோவின் கம்பியை முழுக்க இழுத்து நிமிர்த்தினாலும் ஏ.எம்.-ல் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் ரேடியோவைத் திருப்பி வைத்தால் சில சமயம் கேட்கிறது, சில சமயம் காணாமலே போகிறது. ஏன்? - கொல்லங்கோட்டிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்

பதில்: தம்பி, அந்தக் கம்பி எஃப்.எம்.முக்கும் சிற்றலைக்கும் மட்டும்தான். மத்திய அலைக்கு ஆன்டெனா பெட்டிக்குள் இருக்கிற ஃபெரைட் ராடு, கறுப்பாக, பென்சில் மாதிரி இருக்கும், மேலே மெல்லிய செப்புக் கம்பி சுற்றியிருக்கும். அதற்குத் திசை உண்டு. ராடின் பக்கவாட்டுப் பகுதி நிலையத்தைப் பார்த்து இருந்தால் நன்றாக வரும், ராடின் நுனி நிலையத்தைக் குத்துகிற மாதிரி இருந்தால் வராது. நுனியில் கேட்காமல் போகிற அந்த இடம் மிகக் கூர்மையானது, அதைக் கொண்டு இரைச்சலைத் தொலைக்கலாம். பக்கத்து டிரான்ஸ்பார்மர் கத்தினால் ராடின் நுனி அதைப் பார்க்கிற மாதிரி ரேடியோவைத் திருப்பு, நிலையம் கொஞ்சம் குறைந்தாலும் இரைச்சல் அதைவிட அதிகமாகக் குறையும். நான் புது இடத்துக்குப் போனால் முதலில் ரேடியோவை உள்ளங்கையில் வைத்து ஒரு முழுச் சுற்று மெதுவாகச் சுற்றிவிட்டுத்தான் எங்கே வைப்பது என்று முடிவு செய்வேன்.

கைவேலையில் ஆர்வம் இருந்தால் ஒரு வளைய ஆன்டெனா செய்து பார். 2 அடிக்கு 2 அடி மரச்சட்டம், அதன் விளிம்பில் 10 அல்லது 11 சுற்று இன்சுலேட்டட் ஒயர், மொத்தம் ஒரு 27 மீட்டர் ஆகும். இரண்டு நுனியையும் பழைய வால்வு ரேடியோவிலிருந்து எடுத்த, நிலையம் மாற்றத் திருகுகிற கேங் கண்டென்சரில் இணைத்துவிடு. கரண்ட் வேண்டாம், ரேடியோவில் எங்கேயும் தொட வேண்டாம். சட்டத்துக்குப் பக்கத்தில் ரேடியோவை வைத்துக்கொண்டு கண்டென்சரை மெல்லத் திருகினால் ஒரு புள்ளியில் மங்கலான நிலையம் எழுந்து நிற்கும். அலைவரிசையின் மேல்கோடி வரை எட்டவில்லை என்றால் ஒரு சுற்றைக் குறை, கீழ்க்கோடி எட்டவில்லை என்றால் ஒரு சுற்றைக் கூட்டு. இதைத் தகர வண்டிக்குள் வைத்துப் பலன் இல்லை, வெளியே மர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்பதற்கானது.

கேள்வி: சார், நான் செங்கோட்டை. சுற்றுலா வேன் ஓட்டுகிறேன், பாடி முழுக்க ஃபைபர். பின்பக்கக் கூரையில் ஆன்டெனா வைத்து, அங்கிருந்து முன்னாடி வரை டி.வி. கேபிள் இழுத்திருக்கிறார்கள். எஃப்.எம். ஓடுகிறது. திருநெல்வேலி 1197 தென்காசியிலேயே சரியாக வருவதில்லை. ஆரியங்காவு தாண்டினால் சுத்தமாக இல்லை. எஞ்சின் ஓடும்போது ஒரு சீட்டி சத்தம் வேறு.

பதில்: ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம் மலை குறுக்கே வருவதால் 1197 குறைவது இயற்கை, அங்கே 1161 திருவனந்தபுரத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். தென்காசியில் வராதது மட்டும் வண்டியின் குறைதான், அதற்கு இரண்டு காரணம் உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது.

ஒன்று ஃபைபர் பாடி. கம்பி ஆன்டெனாவுக்கு மேலே நிற்கிற கம்பி பாதிதான், மீதிப் பாதி அதன் அடியில் இருக்கிற இரும்பு. தகர வண்டியில் கூரையே அந்த வேலையைச் செய்துவிடும். ஃபைபரில் அடியில் ஒன்றுமே இல்லை, ஆன்டெனா அந்தரத்தில் நிற்கிறது. அதனால் அடிப்பகுதியிலிருந்து வண்டியின் இரும்பு அடிச்சட்டமான சேஸிஸுக்கு ஒரு நல்ல எர்த் கொடுக்க வேண்டும், பேட்டரியில் போடுகிற மாதிரிப் பின்னல் பட்டை, முடிந்த அளவு குட்டையாக. போல்ட் உட்காருகிற இடத்தில் பெயின்டையும் துருவையும் பளபளவென்று தெரிகிற வரை சுரண்டிவிட்டு முடுக்குங்கள், பிறகு கிரீஸ் தடவுங்கள். மல்டிமீட்டரில் ஆன்டெனா அடிக்கும் சேஸிஸுக்கும் நடுவே 1 ஓமுக்குக் குறைவாகக் காட்ட வேண்டும். நடுக்கம்பிக்கும் எர்த்துக்கும் நடுவே மாறாக இணைப்பே காட்டக் கூடாது. காட்டினால் அடியில் மழைத்தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம், தென்மேற்குப் பருவமழையில் தினம் நனைகிற உங்கள் வண்டிக்கு அது நடக்கக்கூடியதுதான். இந்தச் சோதனை பூஸ்டர் இல்லாத சாதாரணக் கம்பி ஆன்டெனாவுக்கு மட்டும்.

இரண்டாவது அந்த டி.வி. கேபிள். கார் ஆன்டெனாவுடன் வரும் கேபிளை வெட்டிப் பார்த்திருக்கிறீர்களா? நடுவில் தலைமுடி மாதிரி மெல்லிய கம்பி ஒன்று, அதைச் சுற்றிப் பெரும்பாலும் காற்று மட்டும் இருக்கிற வெறும் குழாய்தான் இருக்கும். காரணத்தோடுதான் அப்படிச் செய்கிறார்கள். 1197-ன் அலையில் கால் நீளமே 60 மீட்டருக்கு மேல், நீங்கள் வைத்திருப்பதோ முக்கால் மீட்டர்க் கம்பி, அது பிடிக்கிற சிக்னல் மிகக் கொஞ்சம். சாதாரண டி.வி. கேபிள் 6, 7 மீட்டர் ஓடினால் அந்தக் கொஞ்சத்தையும் கேபிளே விழுங்கிவிடும். எஃப்.எம்.முக்கு இது அவ்வளவாகப் பாதிப்பதில்லை, அதனால்தான் இழுத்துக் கட்டிய ஆளுக்கும் தவறு தெரியவில்லை. ஆன்டெனாவை முன்பக்கம் கொண்டுவந்து, அதனுடன் வந்த கேபிளிலேயே நேரே ஸ்டீரியோவில் சொருகுங்கள். பழைய ஸ்டீரியோவாக இருந்தால் ஆன்டெனா ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டிரிம்மர் ஸ்க்ரூ இருக்கும். 1400 பக்கம் ஏதாவது ஒரு மங்கலான நிலையத்தைப் பிடித்துவிட்டு, அந்த ஸ்க்ரூவைச் சத்தம் கூடுகிற பக்கம் துளித்துளியாகத் திருப்புங்கள். இந்த ஒரு நிமிட வேலையை யாரும் செய்வதில்லை, ஆன்டெனா மாற்றும்போதெல்லாம் இதையும் செய்ய வேண்டும்.

சீட்டி சத்தம் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சுருதி ஏறினால் அது ஆல்டர்னேட்டர், எஞ்சினோடு சுழன்று பேட்டரியைச் சார்ஜ் செய்கிற சாமான். உங்களுடையது டீசல் வண்டி என்றால் ஸ்பார்க் பிளக் தொல்லை இல்லை, ஆல்டர்னேட்டரையும் எர்த்தையும்தான் பார்க்க வேண்டும். ஸ்டீரியோவின் பவர் ஒயரைப் பேட்டரியிலிருந்து பியூஸ் வைத்துத் தனியாக எடுத்தாலே பல வண்டிகளில் அடங்கிவிடுகிறது. முதலில் ஆன்டெனா எர்த்தைச் சரி செய்யுங்கள், அதோடு சீட்டியும் போய்விட வாய்ப்பு உண்டு.

கேள்வி: புது ஸ்டீரியோ மாட்டிய நாளிலிருந்து ஏ.எம். செத்துவிட்டது. கூரையில் இருப்பது சுறா துடுப்பு மாதிரி ஆன்டெனா. - சித்தூரிலிருந்து ஒரு வாசகர்

பதில்: அந்தத் துடுப்புக்குள் ஒரு சின்ன ஆம்பிளிஃபயர் இருக்கிறது, அதற்கு 12 வோல்ட் வேண்டும். பழைய ஸ்டீரியோ அதைக் கொடுத்துக்கொண்டிருந்தது, புதிதை மாட்டியவர் அந்த இணைப்பை விட்டிருப்பார். ஸ்டீரியோவின் பின்னால் அநேகமாக நீல நிறத்தில் ஒரு ஒயர் சும்மா தொங்கும், அது ஆன்டெனா பவருக்கானது, இணைத்துவிட்டால் தீர்ந்தது. வண்டிக்கு வண்டி அடாப்டர் மாறும், பொருத்திய கடையிலேயே கேளுங்கள்.

கேள்வி: ஐயா, நான் நகரி. அமெரிக்காவில் இருக்கும் மகள் ஒரு நல்ல டிஜிட்டல் ரேடியோ அனுப்பினாள். சென்னை 720-ம் கடப்பா 900-ம் தெளிவாக வருகின்றன. திருச்சி 936 மட்டும் தொண்டை கட்டின மாதிரி வருகிறது. என் பழைய டயல் ரேடியோவில் அதுவும் நன்றாகத்தானே வந்தது? திருத்தணி, திருப்பதி என்று போகும்போது வண்டியில் இதைத்தான் எடுத்துப் போகிறேன்.

பதில்: ரேடியோவும் நல்லது, திருச்சியும் நல்லாத்தான் இருக்கிறது. நம் நாட்டில் மத்திய அலை நிலையங்கள் 9 கிலோ ஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கின்றன, 531-ல் தொடங்கி 9, 9 ஆகக் கூட்டிக்கொண்டு போகலாம். அமெரிக்காவில் 10. உங்கள் ரேடியோ 10, 10 ஆகத் தாவுகிறது. 720-ஐயும் 900-ஐயும் 9-ஆலும் வகுக்கலாம் 10-ஆலும் வகுக்கலாம், அதனால் இரண்டு கணக்கிலும் அவை சரியாக விழுகின்றன. 936-க்கு உங்கள் ரேடியோ 930 அல்லது 940-ல்தான் நிற்க முடியும், 940-ல் நின்றால் 4 கிலோ ஹெர்ட்ஸ் தள்ளி நிற்கிறது, அந்தத் தொண்டைக்கட்டு அதுதான். பெரும்பாலான ரேடியோக்களில் 9, 10 என்று மாற்றுகிற சின்ன சுவிட்சோ மெனுவோ உண்டு, பின்பக்கமோ பேட்டரி மூடிக்குள்ளோ பாருங்கள். மாற்றினால் சேமித்து வைத்த நிலையங்கள் அழிந்துபோகலாம், முதலில் குறித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த கார் ஸ்டீரியோவுக்கும் இதே வைத்தியம்தான்.

கேள்வி: குமுளியில் ராத்திரி ரேடியோ போட்டால் எங்கெங்கோ இருந்து பாஷை தெரியாத நிலையங்கள் எல்லாம் வருகின்றன, பகலில் நன்றாகக் கேட்ட நிலையம் அலைபோல ஏறி இறங்குகிறது. வேனில் தங்கும் நாளில்தான் ஆற அமரக் கேட்க நேரம் கிடைக்கிறது, அப்போது பார்த்து இப்படி.

பதில்: பகலில் வானத்தின் உயரத்தில் இருக்கும் ஓர் அடுக்கு மத்திய அலையை உறிஞ்சிக்கொள்ளும், தரையோடு வருகிற அலை மட்டும்தான் நமக்குக் கிடைக்கும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு மறைந்துவிடும், மேலே போன அலை இன்னும் உயரத்திலிருந்து எதிரொலித்துப் பல நூறு கிலோ மீட்டர் தள்ளி இறங்கும். தரையோடு வந்ததும் வானத்திலிருந்து இறங்கியதும் உங்கள் ரேடியோவில் சந்திக்கும்போது ஒரு சமயம் கூடும், ஒரு சமயம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், ஏறி இறங்குவது அதனால்தான். இதை யாரும் சரி செய்ய முடியாது. ரேடியோவைத் திருப்பி, குறுக்கே வருகிற நிலையத்தை ராடின் நுனிக்குக் கொண்டுவந்து தணிக்கலாம். ஒரே நிகழ்ச்சியை இரண்டு நிலையம் ஒலிபரப்பினால் ஏறி இறங்காததைப் பிடித்துக்கொள்ளலாம். தூத்துக்குடி 1053, 200 கிலோவாட், ராத்திரியில் அதைத் தேடிப் பாருங்கள். மேட்டில் நின்றால் கொடைக்கானல் எஃப்.எம். 100.5 கிடைக்கிறதா என்றும் பாருங்கள், ஏறி இறங்குகிற தொல்லை அதில் இல்லை. சில இடங்களில் நிலையம் இருக்க வேண்டிய இடத்தில் நீராவி சீறுகிற மாதிரி ஒரே சீராக இரைச்சல் வந்தால் அது டிஜிட்டல் ஒலிபரப்பாக இருக்கலாம், சாதாரண ரேடியோவில் அது குரலாகக் கேட்காது. இன்னொன்று, மத்திய அலையை நிறுத்திவிட்டு எஃப்.எம்.முக்கு மாறிய நிலையங்களும் உண்டு, அதனால் கிளம்புவதற்கு முந்தின நாள் பகலிலும் ராத்திரியிலும் ஒருமுறை டயலை முழுக்கச் சுற்றி, கிடைப்பதை ஒரு தாளில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டிவிடுங்கள்.

கேள்வி: போனில்தான் எல்லா வானொலியும் வருகிறதே, இதற்கு ஏன் இவ்வளவு பாடு என்கிறான் என் பேரன். - சிற்றூர்த் தத்தமங்கலத்திலிருந்து ஒரு பெரியவர்

பதில்: டவர் இருக்கிற இடத்தில் போனிலேயே கேட்கட்டும், தவறில்லை. பரம்பிக்குளம் காட்டுச் சாலையில் போனை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளத்தில் பல இடங்களில் கரண்டும் போய் டவரும் படுத்துவிட்டது, அந்த நேரத்தில் இரண்டு பேட்டரி போட்ட ரேடியோ வைத்திருந்தவருக்குச் செய்தி கிடைத்தது. மலையில் வண்டியோடு தங்குகிறவர் கையில் அது ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

கேள்வி: மரத்தில் ஒயர் கட்டிக் கேட்டால் இடி விழாதா? - மீனாட்சிபுரம், ஒரு தாய்

பதில்: நல்ல கேள்வி அம்மா, மேலே ஒயர் வேலை சொன்ன எல்லாருக்கும் இது சேர்த்துத்தான். ஐப்பசியில் துலாவர்ஷம், அதாவது வடகிழக்குப் பருவமழை, தொடங்கினால் மதியத்துக்கு மேல் இடியும் மின்னலும் தினம் உண்டு. மின்னல் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே ஏ.எம். ரேடியோ அதைச் சொல்லிவிடும், பேச்சுக்கு நடுவே ‘படக் படக்’ என்று ஒரு வெடிப்புக் கேட்கும், வானம் வெளுத்திருந்தாலும் கேட்கும். அந்த வெடிப்பு அடிக்கடி வர ஆரம்பித்தால் ஒயரில் கையே வைக்காதீர்கள். அதற்கு முன்பே, மழை மேகம் கூடுகிறது என்றால், ஒயரைக் கிளையிலிருந்து இழுத்து ரேடியோவிலிருந்தும் போல்ட்டிலிருந்தும் கழற்றி வண்டிக்கு வெளியே தரையில் போட்டுவிடுங்கள், ஜன்னலையும் ஏற்றிவிடுங்கள். தகர வண்டிக்குள் கதவை மூடி உட்கார்ந்திருப்பது பாதுகாப்பு, ஃபைபர் வண்டிக்கு அது பொருந்தாது, பக்கத்தில் கான்கிரீட் கட்டடம் இருந்தால் அங்கே போய்விடுங்கள். தூங்கப் போகும்போது வானம் எப்படி இருந்தாலும் ஒயரைக் கழற்றிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.